ஒரு பேராசிரியரும் ஒரு பணியாளும்

கல்லூரி வளாகத்தில் நிகழும் கொலையைத் துப்பறியும் கதைகளில் நாம் பலமுறை படித்திருக்கிறோம். கொலையாளி யாரென்பது கடைசிப் பக்கத்தில் தெரிந்துவிடும். புத்தகத்தை மூடிவிட்டு உறங்கப் போகலாம். வரலாறு அத்தனை எளிதாக நம்மை உறங்க விடுவதில்லை. 1849இல் அமெரிக்காவின் பாஸ்டன் நகரில், ஹார்வர்டு மருத்துவக் கல்லூரியில் நிகழ்ந்த கொலை அத்தகையது. கல்லூரியில் பாடம் நடத்திப் பிழைக்கும் நம் போன்றோரை அது சற்றுக் கூடுதலாகவே உறுத்தும்.

டாக்டர் ஜார்ஜ் பார்க்மன் மருத்துவம் பயின்றவர்; எனினும் நிலமும் வாடகையும் வட்டியுமே அவருக்குத் தொழிலாயின. அக்கல்லூரிக் கட்டடம் எழுந்த நிலம் அவர் அளித்த கொடை. கடன் வாங்கியோரைத் தேடி நகரெங்கும் நடந்தே செல்வார். அவரிடம் கடன்பட்டவர்களுள் ஒருவர் வேதியியல் பேராசிரியர் ஜான் வெப்ஸ்டர். ஆண்டு ஊதியம் 1,200 டாலர். அதனுடன் மாணவர் செலுத்தும் வகுப்புக் கட்டணம். வாழ்க்கையோ அந்த வரவுக்குள் அடங்கவில்லை. தம் கனிமச் சேகரிப்பைப் பார்க்மனிடம் ஈடாக எழுதிக்கொடுத்தவர், அதே சேகரிப்பைக் காட்டிப் பார்க்மனின் மைத்துனரிடமும் பணம் பெற்றார். செய்தி பார்க்மன் காதுக்கு எட்டியது.

நவம்பர் 23, வெள்ளிக்கிழமை பிற்பகல் கடனை வசூலிக்கக் கல்லூரிக்குச் சென்ற பார்க்மன் வீடு திரும்பவில்லை. இரண்டு நாள் கழித்து வெப்ஸ்டர் தாமாகவே அவர் குடும்பத்தாரைச் சந்தித்து, 483 டாலரை அன்றே கொடுத்தனுப்பிவிட்டதாகச் சொன்னார். 3,000 டாலர் பரிசு அறிவிக்கப்பட்டது. ஆற்றில் தேடினர். அயர்லாந்திலிருந்து பிழைக்க வந்த ஏழைகள் மீது ஊர் ஐயம் கொண்டது. கல்லூரியிலும் காவலர் தேடினர். பேராசிரியரின் அறைகளை மட்டும் மரியாதையோடு பார்த்துத் திரும்பினர்.

ஐயம் எழுந்தது ஒருவருக்கே. கல்லூரிக் கட்டடத்தின் கீழ்த்தளத்தில் மனைவியோடு குடியிருந்த பணியாள் எஃப்ரைம் லிட்டில்ஃபீல்டு. வழக்கமாகத் திறந்திருக்கும் கதவுகள் தாழிடப்பட்டிருந்தன. ஆய்வகத்து உலைக்குப் பின்புறச் சுவர் கொதித்தது. ஒருநாளும் ஒன்றும் ஈயாத பேராசிரியர் நன்றியறிதல் நாளுக்கென வான்கோழி ஒன்றை வாங்கித் தந்தார். பேராசிரியரின் தனிக் கழிப்பறைக் குழி ஒன்றுதான் தேடப்படாத இடம். மனைவியைக் காவலுக்கு நிறுத்திவிட்டுப் பணியாள் அதன் சுவரை இடிக்கலானார். நவம்பர் 30 அன்று சுவர் துளைபட்டது. உள்ளே மனித உடலின் பகுதிகள்.

வெட்டிய உடல்கள் பிணக்கூறியல் கற்பிக்கும் கல்லூரியில் வியப்பல்ல. இது பார்க்மனின் உடல்தான் என எங்ஙனம் நிறுவுவது? தலை கிடைக்கவில்லை. உலைச் சாம்பலில் செயற்கைப் பற்கள் அகப்பட்டன. அவற்றை 1846இல் செய்துகொடுத்த பல் மருத்துவர் நேதன் கீப், தாம் பாதுகாத்த வார்ப்பு அச்சோடு அவை பொருந்துவதை நீதிமன்றத்தில் காட்டினார். காட்டும்போதே கண்ணீர் விட்டார். இறந்தவரும் குற்றம் சாட்டப்பட்டவரும் அவருக்கு நண்பர்கள்.

1850 மார்ச்சில் 12 நாள் விசாரணை நடந்தது. கூட்டத்தைப் பத்து நிமிடத்திற்கு ஒருமுறை மாற்றி உள்ளே விட்டனர். ஏறத்தாழ 60,000 பேர் பார்த்ததாகக் கணக்கு. கல்லூரியின் தலைவரே வெப்ஸ்டரின் நற்குணத்திற்குச் சாட்சி சொன்னார். எதிர்த்தரப்போ ஐயத்தைப் பணியாள் பக்கம் திருப்ப முயன்றது. தலைமை நீதிபதி லெமுவேல் ஷா, நியாயமான ஐயம் என்றால் என்ன என்பதை ஜூரிகளுக்கு விளக்கினார். மூன்று மணி நேரத்திற்குள் அவர்கள் குற்றவாளி என்றனர். பின்னர் வெப்ஸ்டர் தாமே ஒப்புக்கொண்டார்: பார்க்மன் ஏசியபோது சினத்தில் ஒரு கட்டையால் அடித்துவிட்டதாக. திட்டமிட்டதா, சினத்தில் நேர்ந்ததா என்னும் வினா இன்றும் தீரவில்லை. ஆகஸ்ட் 30 அன்று தூக்கிலிடப்பட்டார்.

ஷாவின் விளக்கம் மாசசூசெட்ஸ் நீதிமன்றங்களில் ஒன்றரை நூற்றாண்டுக்கு மேல் வழங்கியது. 2015இல்தான் அம்மாநில உச்ச நீதிமன்றம் அதன் சொற்களை இக்காலத்திற்கேற்பத் திருத்தியது.

நமக்கு நெஞ்சில் தங்குவது வேறொன்று. கற்றோர் நிறைந்த அந்த வளாகத்தில் எல்லாக் கதவுகளையும் அறிந்திருந்தவர் பணியாள்தான். உலையில் அந்தப் பற்கள் உருகிப் போயிருந்தால், பேராசிரியர் சொல்லுக்கும் பணியாள் சொல்லுக்கும் இடையே நீதிமன்றம் எதை நம்பியிருக்கும்? நம் கல்லூரிகளிலும் மாலையில் வகுப்பறைகளைப் பூட்டிச் செல்பவர் பெயர் நம்மில் எத்தனை பேருக்குத் தெரியும்?