ஒரே ஐந்து வோல்ட், இரண்டு செவிகள்

ஐதராபாத்தில் குஷாய்குடா பக்கம் செல்லும் பேருந்துகளில் 'இசிஐஎல்' என்பது ஊர்ப்பெயர்போல் நிற்கிறது. அது ஓர் ஆலையின் பெயர். 1966இல் வந்த பாபா குழு அறிக்கை மின்னணுத் தற்சார்பை வலியுறுத்தியது. மறு ஆண்டு ஏப்ரலில் அணுசக்தித் துறையின்கீழ், ஏ. எஸ். ராவ் தலைமையில் எலக்ட்ரானிக்ஸ் கார்ப்பரேஷன் ஆஃப் இந்தியா தொடங்கியது. டிடிசி-12, டிடிசி-312, டிடிசி-316 ஆகிய கணினிகள் அங்கு உருவாயின. நம் கணினி வரலாறுகள் பெரும்பாலும் இப்பட்டியலோடு நின்றுவிடுகின்றன. கருவிக்கும் கருவிக்கும் இடையே ஓடிய கம்பிக்கும் ஒரு வரலாறு உண்டு.

அக்காலச் சிறு கணினிகளின் வாயாக இருந்தது பெரும்பாலும் தொலையச்சு. அதன் மொழி மின்னழுத்தமன்று, மின்னோட்டம்: 20 மில்லியாம்பியர் ஓடினால் ஒன்று, நின்றால் சுழியம். 1960களின் நடுவில் பரவத் தொடங்கிய டிடிஎல் சில்லுகளோ 5 வோல்ட்டில் இயங்கின. உள்ளீடு 0.8 வோல்ட்டுக்குக் கீழிருந்தால் சுழியம், 2 வோல்ட்டுக்கு மேலிருந்தால் ஒன்று, இடைப்பட்டதற்குப் பொருளில்லை. ஆகவே இரண்டுக்கும் நடுவே ஒரு மொழிபெயர்ப்புச் சுற்று தேவைப்பட்டது.

1968இல் ஆர்சிஏ நிறுவனம் சீமாஸ் வரிசையைக் கொண்டுவந்தபோது சிக்கல் நுட்பமானது. 5 வோல்ட்டில் இயங்கும் சீமாஸ் சில்லு, 'ஒன்று' என ஏற்க ஏறத்தாழ 3.5 வோல்ட் கேட்கும். டிடிஎல் உறுதியளிப்பது 2.4 மட்டுமே. மின்வழங்கல் ஒன்று, ஆனால் புரிதல் வேறு. மொழியியல் மாணவருக்கு இது பழகிய செய்திதான்: 'பக்கம்', 'பங்கு' இரண்டிலும் தமிழ்ச் செவி ஒரே ககரத்தைக் கேட்கிறது, தெலுங்குச் செவிக்கு அவை இரு வேறு ஒலியன்கள். ஒலியலை மாறவில்லை, எல்லைக்கோடு மாறுகிறது. இங்கே தீர்வு எளிது: டிடிஎல் வெளியீட்டை ஒரு மின்தடையால் 5 வோல்ட்டோடு இணைத்தால் போதும்.

ஆர்எஸ்-232 இன்னும் விசித்திரமானது. அதில் எதிர்மின்னழுத்தமே 'ஒன்று'. இதற்கெனத் தனியே ±12 வோல்ட் வழங்கும் தொல்லையை, 5 வோல்ட்டிலிருந்தே தேவையான மின்னழுத்தங்களை ஆக்கிக்கொண்ட மாக்ஸ்232 சில்லு 1980களின் பிற்பகுதியில்தான் நீக்கியது.

இந்த எல்லைக்கோடுகளை வகுத்தவை அமெரிக்க நிறுவனங்களும் அந்நாட்டுத் தரநிலைக் குழுக்களும். ஐதராபாத்தில் கணினியை வடிவமைக்கலாம், கட்டலாம். 'ஒன்று' எங்கே தொடங்குகிறது என்பதை மட்டும் இறக்குமதியான சில்லின் விவரத்தாளே சொன்னது. தற்சார்பை ஆலையின் வாயிலில் மட்டும் அளக்கும் ஆய்வுகளோடு எனக்குள்ள முரண்பாடு இதுவே.

இன்று 5 வோல்ட் ஆர்டுயினோவை 3.3 வோல்ட் உணரியோடு இணைக்கும் மாணவர்கள், ஒரு மாஸ்ஃபெட்டும் இரு மின்தடைகளும் கொண்ட சிறு பலகையைக் கோட்டிக் கடைத்தெருவில் வாங்கிக்கொள்கிறார்கள்.