மாட்சா விளையும் மலை ஊர்... ஜப்பானின் வசுகாவுக்கு எப்படி போறது? எதை கவனிக்கணும்?

மாட்சா இப்போ உலகம் முழுக்க டிரெண்ட். அதற்கான தேயிலை விளையும் ஊர்களில் ஒன்று, ஜப்பானின் கியோட்டோ மாகாணத்தின் தெற்கு மலைகளில் உள்ள வசுகா. மக்கள்தொகை 4,000-க்கும் குறைவு. ஆனால், அந்த மாகாணத்திலேயே அதிகமாகத் தேயிலை விளைவது இங்கேதான். புகழ்பெற்ற 'உஜி டீ'யில் பெரும்பங்கு இந்தச் சரிவுகளில் இருந்து போவதுதான்.

எப்படி போறது?

ஊருக்குள் ரயில் நிலையம் கிடையாது. கியோட்டோ அல்லது நாராவில் இருந்து ரயிலில் காமோ நிலையம் வந்து, அங்கிருந்து சுமார் 15 நிமிடம் பஸ்ஸில் போகணும். பஸ்கள் குறைவு. அதனால், திரும்பி வரும் பஸ் நேரத்தை முதலிலேயே பார்த்து வைத்துக்கொள்வது நல்லது.

எப்போ போகலாம்?

ஏப்ரல் இறுதி முதல் மே வரை. முதல் கொழுந்து பறிக்கும் சீசன் இது.

தோட்டத்தில் ஃபேன் எதுக்கு?

உறைபனி இரவுகளில் குளிர்ந்த காற்று தரையோடு தங்கிவிடும். கம்பத்தில் சுழலும் ஃபேன், மேலே உள்ள வெதுவெதுப்பான காற்றைக் கீழே தள்ளி, கொழுந்து கருகாமல் காக்கும். செடிகளை மூடும் கறுப்பு வலை வெயிலை மறைக்க. அதனால் இலையில் துவர்ப்பு குறையும். மாட்சாவுக்கான இலை இப்படித்தான் வளர்கிறது.

எதை கவனிக்கணும்?

இவை பூங்கா அல்ல, விவசாயக் குடும்பங்களின் பிழைப்பு. போட்டோவுக்காக உள்ளே இறங்கினால் மிதிபடுவது அவர்களின் வருமானம். சாலையில் நின்றே ரசிக்கலாம். கிளம்பும்போது உள்ளூர் கடையில் ஒரு பாக்கெட் டீ வாங்கினால், இளைஞர்கள் வெளியேறி ஆள் குறைந்துவரும் இந்த ஊருக்கு அதுவே உதவி.