லெனகபவிர்

லெனகபவிர் என்பது எச்ஐவி தொற்றின் சிகிச்சையிலும் தடுப்பிலும் பயன்படும் ஊசி மருந்து. அமெரிக்காவின் கிலியட் சயின்சஸ் நிறுவனம் உருவாக்கிய இம்மருந்தைத் தோலுக்கடியில் ஒருமுறை செலுத்தினால் ஏறத்தாழ ஆறு மாதம் உடலில் நின்று செயல்படும். வைரஸின் ‘கேப்சிட்’ எனப்படும் புரத உறையைத் தாக்கும் மருந்துகளில் முதலில் ஒப்புதல் பெற்றது இதுவே. சிகிச்சைக்கு ‘சன்லென்கா’, தடுப்புக்கு ‘யெஸ்டூகோ’ என்ற பெயர்களில் அமெரிக்காவில் விற்கப்படுகிறது. ‘சயின்ஸ்’ இதழ் 2024ஆம் ஆண்டின் தலைசிறந்த அறிவியல் சாதனையாக இம்மருந்தைத் தேர்ந்தெடுத்தது.

செயல்படும் விதம்

எச்ஐவியின் மரபுப்பொருள் கூம்பு வடிவ உறை ஒன்றுக்குள் இருக்கிறது. ஒரே வகைப் புரதத்தின் ஏறத்தாழ 1,500 மூலக்கூறுகள் ஆறாறாகவும் ஐந்தைந்தாகவும் கூடி இந்த உறையைக் கட்டுகின்றன. செல்லுக்குள் நுழைந்ததும் அவிழ்ந்து போகும் வெறும் பொதியாகவே இது நெடுங்காலம் கருதப்பட்டது. உட்கரு வரை வைரஸைக் கொண்டுசேர்க்கும் வாகனமும் இதுவே என்பது பின்னர் தெரியவந்தது.

உறைப் புரதங்கள் இரண்டு சேரும் இடுக்கில் லெனகபவிர் ஒட்டிக்கொள்கிறது. உட்கருவுக்குள் செல்ல வைரஸுக்குத் துணைபுரியும் மனிதப் புரதங்களும் அதே இடுக்கில்தான் பற்றுகின்றன. அந்த இடம் அடைபடுவதால் வைரஸின் பயணம் தடைபடுகிறது. ஏற்கெனவே தொற்றிய செல்லிலிருந்து வெளிவரும் புதிய வைரஸ்களின் உறையும் கோணலாக அமைந்து, அவை பிற செல்களைத் தொற்றும் திறனை இழக்கின்றன.

மிகக் குறைந்த அளவிலேயே வேலை செய்வதும், நீரில் எளிதில் கரையாததும் இம்மருந்தின் இரு தனித்தன்மைகள். தோலுக்கடியில் தேங்கிச் சிறிது சிறிதாக ரத்தத்தில் கலப்பதால் மருந்தின் அளவு பாதியாகக் குறையவே 8 முதல் 12 வாரம் ஆகும். தொடக்கத்தில் ரத்தத்தில் போதிய அளவு சேர்வதற்காக முதல் இரு நாள்கள் மாத்திரையும் தரப்படுகிறது.

சிகிச்சையில்

பல மருந்துகளுக்கும் கட்டுப்படாத எச்ஐவி உள்ளவர்களிடம் ‘கபெல்லா’ ஆய்வு நடத்தப்பட்டது. 72 பேர் பங்கேற்றனர். அவர்களில் 36 பேரைக் குலுக்கல் முறையில் பிரித்து, பழைய மருந்துகளோடு 24 பேருக்கு லெனகபவிரும் 12 பேருக்கு மருந்தில்லாப் போலி மாத்திரையும் 14 நாள்கள் தரப்பட்டன. லெனகபவிர் பெற்றவர்களில் 21 பேருக்கு வைரஸ் அளவு குறிப்பிடத்தக்க அளவு குறைந்தது. மற்றவர்களில் இருவருக்கே குறைந்தது.

ஒப்புதலுக்கு முன் எதிர்பாராத சிக்கல் ஒன்று எழுந்தது. ஊசி மருந்தை அடைத்த போரோசிலிகேட் கண்ணாடிக் குப்பி மருந்தோடு ஒத்துப்போகுமா என்ற ஐயத்தால் 2021 டிசம்பரில் ஆய்வுகள் நிறுத்திவைக்கப்பட்டன. வேறு வகைக் கண்ணாடிக்கு மாறிய பிறகு 2022 மே மாதம் தடை விலகியது. ஐரோப்பிய ஒன்றியம் 2022 ஆகஸ்டிலும், அமெரிக்க உணவு, மருந்து நிர்வாகம் அதே ஆண்டு டிசம்பரிலும் ஒப்புதல் அளித்தன. சிகிச்சையில் இதைத் தனியாகத் தருவதில்லை. வேறு எச்ஐவி மருந்துகளோடு சேர்த்தே தர வேண்டும்.

தடுப்பு ஆய்வுகள்

தொற்று இல்லாதவர்கள் முன்கூட்டியே மருந்து எடுத்துத் தற்காத்துக்கொள்ளும் முறை ‘பிரெப்’ எனப்படுகிறது. 2012 முதல் அமெரிக்காவில் ‘ட்ருவாடா’ மாத்திரை இதற்குப் பயன்படுகிறது. நாள்தோறும் தவறாமல் விழுங்கினால் நல்ல பாதுகாப்பு தரும். வீட்டாரோ துணைவரோ பார்த்துவிடுவார்கள் என்ற அச்சத்தாலும், ஊர் என்ன சொல்லுமோ என்ற தயக்கத்தாலும் பலர் இடையில் விட்டுவிடுகின்றனர்.

தென்னாப்பிரிக்காவிலும் உகாண்டாவிலும் 16 முதல் 25 வயது வரையிலான பெண்கள் 5,300க்கும் மேற்பட்டோரிடம் ‘பர்பஸ் 1’ ஆய்வு நடந்தது. ஒவ்வொருவருக்கும் ஊசி, மாத்திரை இரண்டும் தரப்பட்டன. அவற்றுள் எது உண்மை மருந்து என்பது பங்கேற்றவருக்கோ மருத்துவருக்கோ தெரியாது. பலன் தரும் மாத்திரை இருக்கும்போது ஒரு பிரிவினரை மருந்தே இல்லாமல் விடுவது அறமாகாது என்பதால் அத்தகைய பிரிவு அமைக்கப்படவில்லை. மாறாக, ஆய்வில் சேர வந்து பரிசோதனை செய்துகொண்ட 8,000க்கும் மேற்பட்டோரில் அண்மையில் தொற்றியவர்களைக் கண்டறிந்து, அப்பகுதியின் இயல்பான தொற்று வேகம் கணிக்கப்பட்டது. அது ஆண்டுக்கு 100 பேருக்கு 2.41.

2024 ஜூனில் இடைக்கால முடிவு வெளியானது. லெனகபவிர் பெற்ற 2,134 பேரில் ஒருவருக்கும் தொற்று ஏற்படவில்லை. ‘டெஸ்கோவி’ என்ற மற்றொரு பிரெப் மாத்திரையைப் பெற்ற பிரிவின் 2,136 பேரில் 39 பேருக்கும், ட்ருவாடா பிரிவின் 1,068 பேரில் 16 பேருக்கும் தொற்றியது. மாத்திரைப் பிரிவுகளில் பெரும்பாலோர் ஒழுங்காக மருந்து எடுக்கவில்லை என்பதை ரத்தப் பரிசோதனைகள் காட்டின. யாருக்கு எந்த மருந்து என்ற மறைப்பு நீக்கப்பட்டு, அனைவருக்கும் லெனகபவிர் பெற வாய்ப்பளிக்கப்பட்டது. தென்னாப்பிரிக்க மருத்துவர் லிண்டா-கெயில் பெக்கர் இம்முடிவுகளை மியூனிக்கில் நடந்த பன்னாட்டு எய்ட்ஸ் மாநாட்டில் வெளியிட்டார்.

ஆண்களோடு உறவுகொள்ளும் ஆண்கள், திருநங்கைகள் உள்ளிட்டோரிடம் ஏழு நாடுகளில் ‘பர்பஸ் 2’ நடந்தது. லெனகபவிர் பெற்ற 2,179 பேரில் இருவருக்கும், ட்ருவாடா பெற்ற 1,086 பேரில் 9 பேருக்கும் தொற்று ஏற்பட்டது.

ஒப்புதலும் விலையும்

தடுப்புப் பயன்பாட்டுக்கு அமெரிக்கா 2025 ஜூன் 18 அன்று ஒப்புதல் அளித்தது. அடுத்த மாதம் கிகாலியில் நடந்த எய்ட்ஸ் மாநாட்டில் உலக சுகாதார நிறுவனமும் இதைப் பரிந்துரைத்தது. அமெரிக்காவில் அறிவிக்கப்பட்ட விலை ஆண்டுக்கு 28,218 டாலர்.

120 நாடுகளுக்கு மலிவு விலையில் தயாரித்து விற்க ஆறு நிறுவனங்களுக்கு கிலியட் 2024 அக்டோபரில் உரிமம் வழங்கியது. அவற்றில் ஐதராபாத்தின் டாக்டர் ரெட்டீஸ், ஹெட்டரோ, புனேயின் எம்க்யூர் ஆகியவையும் அடங்கும். 2027 முதல் ஆண்டுக்கு ஏறத்தாழ 40 டாலருக்குக் கிடைக்கும் என 2025 செப்டம்பரில் அறிவிக்கப்பட்டது. பர்பஸ் 2 நடந்த பிரேசில், அர்ஜென்டினா, மெக்சிகோ, பெரு ஆகிய நாடுகள் உரிமப் பட்டியலில் இல்லை. ஆய்வுக்கு உடல் தந்த மக்களுக்கே மலிவு மருந்து மறுக்கப்படுகிறது என்ற விமர்சனம் இதனால் எழுந்தது.

வரம்புகள்

ஊசி போட்ட இடத்தில் சிறு கட்டி தோன்றுவது பரவலான பக்கவிளைவு. பெரும்பாலும் நாளடைவில் கரைந்துவிடும். பர்பஸ் 1இல் இந்த வகைத் தொல்லையால் மருந்தை நிறுத்தியவர்கள் நால்வர் மட்டுமே. காசநோய் மருந்தான ரிஃபாம்பிசின் உடலில் லெனகபவிரின் அளவைக் குறைத்துவிடும். ஊசியை நிறுத்திய பிறகும் ஓராண்டோ அதற்கு மேலுமோ சிறிதளவு மருந்து தங்கியிருக்கும். அக்காலத்தில் தொற்று ஏற்பட்டால் மருந்துக்குக் கட்டுப்படாத வைரஸ் உருவாகக்கூடும். பர்பஸ் 2இல் தொற்றிய இருவரிடமும் அத்தகைய மாற்றம் காணப்பட்டது. பிற பால்வினை நோய்களை இது தடுக்காது.

தொடரும் ஆய்வுகள்

ஆண்டுக்கு ஒருமுறை தசையில் போடும் வடிவம் பரிசோதனையில் உள்ளது. சிகிச்சைக்காக, இஸ்லாட்ராவிரோடு சேர்த்து வாரம் ஒருமுறை விழுங்கும் மாத்திரையும், எச்ஐவியின் பல வகைகளை எதிர்க்கும் ஆன்டிபாடிகளோடு ஆறு மாதத்துக்கு ஒருமுறை தரும் ஊசியும் ஆராயப்படுகின்றன. லெனகபவிர் தடுப்பூசி அல்ல. அது உடலுக்கு நோய் எதிர்ப்பாற்றலைக் கற்பிப்பதில்லை. ஆகவே பாதுகாப்பு நீடிக்க அடுத்த ஊசியை உரிய காலத்தில் போட்டாக வேண்டும். 2024இல் உலகில் ஏறத்தாழ 13 லட்சம் பேருக்குப் புதிதாக எச்ஐவி தொற்றியது.