செய்மதி பார்த்த சுனாமியும் நாம் பார்த்த சுனாமியும்



போன கிழமை தரம் 9 பிள்ளைகளுக்குக் கூகுள் ஏர்த்தில் கிண்ணியாக் கரையைக் காட்டிக்கொண்டிருந்தேன். ஒரு மாணவி கேட்டாள்: "சேர், மேலே இருந்து வீட்டுக் கூரை வரைக்கும் தெரியுதே, அப்ப சுனாமி வாறத ஏன் ஒருத்தரும் சொல்லல்ல?" மணி அடித்துவிட்டது. நான் அவசரத்தில் சொன்ன பதில் எனக்கே போதவில்லை. அதனால்தான் இந்தப் பதிவு. கொஞ்சம் நீளம், பொறுத்துக்கொள்ளுங்கள்.

2004 டிசம்பர் 26, ஞாயிறு, போயா தினம். சுமாத்திராவுக்கு அப்பால் 9.1 அளவில் கடலடி நிலநடுக்கம். அங்கிருந்து அலை நமது கிழக்குக் கரைக்கு வந்துசேர ஏறத்தாழ இரண்டு மணித்தியாலம் எடுத்தது. அதே இரண்டு மணித்தியாலம் கழிந்த வேளையில், அமெரிக்காவும் பிரான்சும் சேர்ந்து ஏவிய ஜேசன்-1 என்ற செய்மதி 1,336 கிலோமீற்றர் உயரத்தில் வங்காள விரிகுடாவைக் கடந்துகொண்டிருந்தது. கடல் மட்டத்தை ராடார் அலையால் அளப்பதுதான் அதன் வேலை. அனுப்பிய அலை பட்டுத் திரும்பும் நேரத்தை வைத்துக் கடல் எவ்வளவு உயர்ந்திருக்கிறது என்று கணக்கிடும். அன்று சுனாமியையும் அது அளந்துவிட்டது. ஆழ்கடலில் அதன் உயரம் சுமார் 60 சென்ரிமீற்றர். மேசை உயரம்கூட இல்லை. அந்த இடத்தில் ஒரு படகு நின்றிருந்தால் படகிலிருந்தவருக்கு எதுவும் விளங்கியிராது. கரையை நெருங்கி ஆழம் குறையும்போதுதான் அது மலையாக எழும்பியது.

அதாவது மேலே கருவி அலையை அளந்துகொண்டிருந்த நேரத்தில் கீழே கிண்ணியாவிலும் மூதூரிலும் நம்மவர்கள் மவுத்தாகிக்கொண்டிருந்தார்கள். இதை முதன்முதலில் வாசித்த அன்று எனக்குத் தூக்கம் வரவில்லை.

ஏன் சொல்லவில்லை? சொல்வதற்காக அது செய்யப்படவில்லை, அவ்வளவுதான். தரவு பூமிக்கு வந்து பதப்படுத்தப்படப் பல மணித்தியாலங்கள் ஆகும். கடல் எப்போதும் ஏறி இறங்குவதால், சுமார் பத்து நாளுக்கொரு முறை அதே பாதையில் எடுத்த பழைய அளவுகளோடு ஒப்பிட்ட பின்னரே "இது சுனாமி" என்று விஞ்ஞானிகள் பிரித்தறிந்தார்கள். இன்னொரு பக்கம், ஹவாயிலிருந்த பசுபிக் எச்சரிக்கை நிலையம் நிலநடுக்கத்தை 15 நிமிடமளவில் அறிந்திருந்தது, ஆனால் முதலில் அதை 8.0 என்றே கணித்தது. இந்து சமுத்திர நாடுகளுக்குச் செய்தி சொல்ல ஓர் ஏற்பாடும் அன்று இல்லை. என்னைக் கேட்டால் பெரிய குறை இதுதான்.

உலகம் முழுக்கப் பரவிய செய்மதிப் படம் களுத்துறையினுடையது. நிலநடுக்கம் ஏற்பட்டு நான்கு மணித்தியாலத்துக்குச் சற்று முன்னதாக குயிக்பேர்ட் என்ற செய்மதி தற்செயலாக அவ்வழியே போயிற்று. ஊருக்குள் புகுந்த நீர் சுழித்துச் சுழித்துக் கடலுக்குத் திரும்புவது அதில் தெரியும். ஆஸ்பத்திரியையே இழந்த கிண்ணியாவுக்கு அப்படியொரு பெயர்போன படம் கிடைக்கவில்லை.

அப்போது பாலம் இல்லை என்பது உங்களுக்கு ஞாபகமிருக்கும். பாதையில்தான் கடக்க வேண்டும். எனக்குப் பதினைந்து வயது. சில நாள் கழித்து வாப்பாவோடு போனபோது மூத்தம்மாவின் வளவில் எஞ்சியிருந்தது கிணற்றுக் கட்டு மட்டும். வேலி இல்லை, வேலிக்கு அந்தப் பக்கத்து வீடும் இல்லை.

பிறகு வந்தது இடைவலயம். தென், தென்மேற்குக் கரைகளில் 100 மீற்றர், வடக்கிலும் கிழக்கிலும் 200 மீற்றர், அதற்குள் வீடு கட்டக்கூடாது என்றார்கள். வரைபடத்தில் அடிமட்டம் வைத்துக் கோடு கீறுவது லேசு. வீட்டோடு வீடு ஒட்டிய நமது கரையோர ஊர்களில் 200 மீற்றர் பின்னே போனால் இருப்பது அடுத்தவர் வளவு. கரைவலைக்காரர் எங்கே போவார்? எதிர்ப்புகளுக்குப் பிறகு அந்தத் தூரங்கள் தளர்த்தப்பட்டன. அதற்குள் பலர் தற்காலிகக் கொட்டில்களில் காலம் கழித்துவிட்டார்கள். மேலிருந்து எடுத்த படம் கூரையைக் காட்டும். யார் வளவு, எது மஹராகக் கொடுத்த காணி என்பதைக் காட்டாது. மூத்தம்மாவின் எல்லையைக் கடைசியில் நிறுவியது அந்தக் கிணறும் அயலவர் மூன்று பேரின் ஞாபகமும்தான்.

இன்று நிலைமை வேறு. ஆழ்கடலின் அடியில் அழுத்தத்தை அளக்கும் கருவிகள் இருக்கின்றன. அவை மேலே மிதக்கும் மிதவைக்குச் செய்தி கொடுக்க, மிதவை செய்மதி வழியாக நிலையத்துக்கு அனுப்பும். செய்மதி இங்கே பார்ப்பவர் இல்லை, தபால்காரர். 2012 ஏப்ரல் 11இல் சுமாத்திராவுக்கு அப்பால் 8.6 அளவில் அதிர்ந்தபோது எச்சரிக்கை வந்தது, கரையோர மக்கள் வெளியேறினார்கள். பெரிய அலை வரவில்லை. "சும்மா ஓட வைத்தார்கள்" என்று சிலர் முணுமுணுத்தார்கள். நான் சந்தோஷப்பட்டேன்.

மகளே, உன் கேள்விக்கு இதுதான் பதில். அடுத்த தவணை பிள்ளைகளோடு ஒரு வேலை தொடங்கப்போகிறோம். கப்பல்துறையிலிருந்து கிண்ணியா வரை கிணறு, மேட்டு நிலம், ஒழுங்கை, பழைய குளம் எல்லாவற்றையும் நடந்துபோய்ப் பார்த்து, ஓபன் ஸ்ட்ரீட் மேப்பில் ஊர் வழக்கிலுள்ள பெயரோடு குறிக்க வேண்டும். 2004க்கு முந்திய கரையோரப் புகைப்படம் வைத்திருப்பவர்கள், ஒழுங்கைகளின் பழைய பெயர் தெரிந்த மூத்தவர்கள் கீழே எழுதுங்கள். இன்பொக்ஸிலும் அனுப்பலாம்.