ஒல்லாந்தர் ஆட்சியில் ஓர் ஏழைத் துறவி

1658ஆம் ஆண்டு ஜூன் மாதம் யாழ்ப்பாணக் கோட்டை ஒல்லாந்தர் வசமானது. போர்த்துக்கீசர் வெளியேறினர், அவர்களோடு கத்தோலிக்கக் குருமாரும் வெளியேற்றப்பட்டனர். கத்தோலிக்கக் குரு ஒருவருக்கு அடைக்கலம் கொடுப்பவருக்கு மரணதண்டனை என்று அதே ஆண்டில் ஒல்லாந்தர் பிரகடனம் செய்தனர். கோயில்கள் புரட்டஸ்தாந்து ஆலயங்களாக்கப்பட்டன. திருமணப் பதிவுக்கும் அரசாங்க உத்தியோகத்துக்கும் சீர்திருத்த சபையின் ஞானஸ்நானம் வேண்டும் என்றானது. கிறிஸ்தவரைத் துன்புறுத்தியவர்களும் கிறிஸ்தவரே என்பது இந்த வரலாற்றின் கசப்பான முரண்.

இந்நிலையில் ஏறத்தாழ முப்பது வருடங்களாக இலங்கையின் கத்தோலிக்க மக்கள் நிலையான குரு ஒருவர் இல்லாமலே வாழ்ந்தனர். பகலில் ஒல்லாந்தரின் ஆலயத்துக்குப் போய்வந்தவர்கள் இரவில் வீட்டுக் கதவைச் சாத்திக்கொண்டு செபமாலை சொன்னார்கள். திருப்பலி இல்லை, பாவசங்கீர்த்தனம் இல்லை, மரணப்படுக்கையில் அவஸ்தைப்பூசுதல் இல்லை. ஒரு தலைமுறை மறைந்து மறு தலைமுறை வளர்ந்துவிட்டது. இன்னும் ஒரு தலைமுறை கடந்திருந்தால் அந்த விசுவாசம் வெறும் ஞாபகமாகவே எஞ்சியிருக்கும்.

இந்தச் செய்தி கோவாவில் இருந்த ஒரு குருவை எட்டியது. அவர் பெயர் யோசேப் வாஸ். 1651 ஏப்ரல் 21இல் பெனோலிம் என்ற கிராமத்தில் கொங்கணி குடும்பமொன்றில் பிறந்தவர், 1676இல் குருவானவர். சுதேசிக் குருமார் சிலருடன் சேர்ந்து ஒரற்றோரியன் சபையைக் கோவாவில் வேரூன்றச் செய்தவர். அவருக்குப் பின்னால் எந்த அரசின் படையும் இருக்கவில்லை, எந்த அரசின் பணமும் இருக்கவில்லை. பீரங்கிகளுக்குப் பின்னே மதம் வந்திறங்கியதாகவே ஆசியாவின் காலனித்துவ வரலாறு பெரும்பாலும் பேசப்படுகிறது. யோசேவாஸ் அந்தச் சட்டகத்துக்குள் அடங்காத மனிதர்.

1687இல் அவர் தூத்துக்குடிப் பக்கமிருந்து கடல்கடந்து வந்தார். கூலியாளின் கந்தல் உடையே வேடம். ஜோன் என்ற உதவியாளர் ஒருவர் மட்டுமே துணை. யாழ்ப்பாணத்தை அடைந்தபோது கடும் வயிற்றோட்டத்தால் அவர் எழுந்து நடக்கவும் இயலாதிருந்தார். அயலார் வார்த்த கஞ்சி அவரைப் பிழைக்க வைத்தது. உயிர் தேறியதும் கழுத்தில் செபமாலையை அணிந்துகொண்டு வீடு வீடாகப் பிச்சை கேட்கத் தொடங்கினார். பிச்சை இடுபவரின் கண் அந்த மாலையில் ஒரு கணம் நிலைக்கிறதா என்பதே அவர் தேடிய அடையாளம். அப்படித்தான் மறைந்திருந்த விசுவாசிகளை ஒருவர் ஒருவராகக் கண்டுபிடித்தார்.

சில்லாலைக் கிராமம் அவருக்குப் புகலிடமானது. பகலில் மறைந்திருந்து இரவில் திருப்பலி ஒப்புக்கொடுத்தார். ஆனால் 1689ஆம் ஆண்டு நத்தார் இரவில் ஒல்லாந்தர் அங்கு கூடியவர்கள்மீது பாய்ந்தனர். பலர் கைதாகி வதைக்கப்பட்டனர். குரு பிடிபடவில்லை. அடைக்கலம் கொடுத்த மக்கள் அடிபட, தான் மட்டும் தப்பிய அந்த இரவு அவருக்கு எத்தகைய பாரமாக இருந்திருக்கும் என்பதை நாம் ஊகிக்கலாம். அவர் கோவாவுக்குத் திரும்பவில்லை. புத்தளத்தை நோக்கி நடந்தார்.

புத்தளம் கண்டி அரசனின் ஆளுகைக்கு உட்பட்டிருந்தது. அங்கிருந்து 1692இல் அவர் கண்டிக்குப் புறப்பட்டார். அரசவையில் செல்வாக்குடனிருந்த பிரெஞ்சுக் கல்வினியர் ஒருவர், வருகிறவர் போர்த்துக்கீச ஒற்றர் என்று குற்றஞ்சாட்டினார். இரண்டாம் விமலதர்மசூரிய மன்னன் அவரைச் சிறையிலிட்டான். யோசேவாஸ் அங்கேயே சிங்களம் கற்றார். சிறை வளவிலேயே ஒரு சிறு குடிலை அமைத்து ஆலயமாக்கினார். காவல் தளர்ந்தபோது கண்டியிலிருந்த கத்தோலிக்கர் அவரைத் தேடி வந்தனர். வெளியே நடமாட முடியாதவரிடம் மக்களே வந்து சேர்ந்தார்கள்.

வரட்சி வாட்டிய காலத்தில் மன்னனின் வேண்டுகோளுக்கிணங்க அவர் செபித்தார் என்றும் மழை பொழிந்தது என்றும் கத்தோலிக்க மரபு கூறுகிறது. அதைப் புதுமை என்று ஏற்பதும் ஏற்காததும் வாசகரின் விருப்பம். என்னைப் பொறுத்தவரை அதைவிடப் பெரிய புதுமை 1697இல் நிகழ்ந்தது. கண்டியில் அம்மை நோய் பரவியது. வசதி படைத்தவர்கள் நகரைவிட்டு அகன்றார்கள். நோயாளிகளை உற்றார் உறவினரே காட்டோரங்களில் கைவிட்டனர். யோசேவாஸும் அவருடனிருந்த குருவும் அவர்களை மத பேதம் பாராமல் தூக்கிவந்து கழுவி உணவூட்டினர், இறந்தோரைப் புதைத்தனர். பௌத்த மன்னன் அதைக் கண்ணாரக் கண்டான். கத்தோலிக்கம் கண்டி இராச்சியத்தில் சுதந்திரமாக இயங்கியதற்கு அந்தப் பணியும் ஒரு முக்கிய காரணம். கிறிஸ்தவ ஒல்லாந்தர் மறுத்த பாதுகாப்பைப் பௌத்த மன்னன் வழங்கினான் என்பதை இன்றைய இலங்கையர் மறந்துவிடலாகாது.

இறைவனை நம்பியிருத்தல் என்பதைக் கைகட்டிக் காத்திருத்தல் என்று பொருள் கொள்பவர்கள் உண்டு. யோசேவாஸின் வாழ்வு அதற்கு நேர்மாறானது. அவர் வேடமிட்டார், பாதையைத் திட்டமிட்டார், மொழிகளைக் கற்றார். ஒரு குரு வருடமெல்லாம் எல்லா ஊருக்கும் போக முடியாது என்பதால் ஊர்தோறும் மூப்பரையும் அண்ணாவிமாரையும் நியமித்துச் செபத்தையும் மறைக்கல்வியையும் அவர்கள் கையில் ஒப்படைத்தார். மனிதனால் ஆனதையெல்லாம் செய்துவிட்டுப் பலனை மட்டும் இறைவனிடம் விட்டார். பின்னாளில் வந்து சேர்ந்த யாக்கோமே கொன்சால்வெஸ் அடிகளார் தமிழிலும் சிங்களத்திலும் நூல்கள் யாத்து அந்தப் பணிக்கு எழுத்து வடிவம் தந்தார்.

அவர் வேண்டியது எல்லாம் அவர் காலத்தில் கைகூடிவிடவில்லை. 1711 ஜனவரி 16இல் கண்டியில் அவர் கண்மூடியபோதும் ஒல்லாந்தரின் தடை நீங்கியிருக்கவில்லை. கத்தோலிக்கர் மீதான அச்சட்டங்களைப் பிரித்தானியர் நீக்கியது 1806இல். அதாவது அவர் மறைந்து 95 வருடங்களின் பின்னர். அவரது கல்லறை எவ்விடத்தில் இருந்தது என்பது இன்றுவரை கண்டறியப்படவில்லை. 1995இல் கொழும்பில் பாப்பரசர் இரண்டாம் அருளப்பர் சின்னப்பர் அவரை முத்திப்பேறு பெற்றவராகவும், 2015 ஜனவரி 14இல் காலிமுகத்திடலில் பாப்பரசர் பிரான்சிஸ் புனிதராகவும் அறிவித்தனர்.

2019 ஏப்ரல் 21ஆம் திகதி உயிர்த்த ஞாயிறு. யோசேவாஸின் பிறந்த தினமும் அதுவே. அன்று கொச்சிக்கடையிலும் கட்டுவாப்பிட்டியவிலும் மட்டக்களப்பிலும் ஆராதனைக்குக் கூடிய மக்கள் குண்டுகளுக்குப் பலியாயினர். போர்க் காலத்தில் மடுத் திருத்தலமே எறிகணைக்கு இலக்கான நினைவும் தமிழ்க் கத்தோலிக்கரிடம் ஆறாமல் இருக்கிறது. இறைவன் எங்கே போனார் என்று கேட்ட தாய்மாருக்கு இந்த வரலாறு விடை சொல்லாது. விடை கிடைக்காமலே முப்பது வருடங்கள் இருளில் செபமாலை உருட்டியவர்களும் இம்மண்ணில் இருந்தார்கள் என்பதை மட்டும் அது சொல்லும். யோசேவாஸ் முனிவர் வந்து தட்டியபோது கதவைத் திறந்தவர்கள் அவர்களே.