சோடாக்கடை வருமானத்தில் ஒரு பல் ஆஸ்பத்திரி

கொல்கத்தாவில் சியால்டா பக்கம் அடிக்கடி போகிறவர்கள் அந்தப் பெயர்ப் பலகையைப் பார்த்திருப்பீர்கள். ஆசார்ய ஜகதீஷ் சந்திர போஸ் ரோட்டில், டாக்டர் ஆர். அகமது பல் மருத்துவக் கல்லூரி. லேக் மார்க்கெட் பக்கம் குடியிருக்கும் நம்மவர்களைக் கேட்டால், "ஆமாம், பஸ்ஸில் போகும்போது பார்த்திருக்கிறேன்" என்பார்கள். இந்தியாவின் முதல் பல் மருத்துவக் கல்லூரி அதுதான் என்பது எத்தனை பேருக்குத் தெரியும்? அதை ஆரம்பித்தவர் தொழில் பழகியது குழந்தைகளின் பற்களில் என்பது?

நான் படித்தது பி.காம். வைத்தியம் எனக்குத் தெரியாது. ஆனால் எந்த நிறுவனத்தைப் பார்த்தாலும் இதற்கு முதல் எங்கிருந்து வந்தது என்று கேட்பது வங்கிக்காரன் புத்தி. அப்படிக் கேட்கப் போய்க் கிடைத்த கதை இது.

ரஃபியுதீன் அகமது 1890-ல் கிழக்கு வங்காளத்தில் பிறந்தவர். அமெரிக்கா போய், அயோவா பல்கலைக்கழகத்தில் 1915-ல் பல் மருத்துவப் பட்டம் வாங்கினார். பிறகு 1918 வரை பாஸ்டன் நகரத்தில் ஃபோர்சைத் குழந்தைகள் பல் மருத்துவமனையில் வேலை பார்த்தார். ரப்பர் தொழிலில் சம்பாதித்த ஒரு குடும்பத்தின் பணத்தில், அந்த ஊர் ஏழைக் குழந்தைகளுக்காக 1914-ல் திறக்கப்பட்ட இடம் அது.

1919-ல் ஊர் திரும்பினார். 1920-ல் கல்கத்தாவில் கல்லூரியைத் தொடங்கினார். முதல்? அதே ஊரில் 'நியூயார்க் சோடா ஃபவுண்டன்' என்று ஒரு கடை வைத்தார். அந்த வருமானத்தைக் கல்லூரியில் போட்டார். தித்திப்பு விற்ற காசில் பல் வைத்தியம்! :-)

சிரிப்பு வந்தாலும் மனிதர் சாதாரணப்பட்டவர் இல்லை. 1925-ல் பல் மருத்துவத்துக்கென்று ஒரு பத்திரிகை ஆரம்பித்தார். ஜின்னாவின் தங்கை பாத்திமா அவருடைய கல்லூரியில் படித்து, 1923-ல் பம்பாயில் கிளினிக் போட்டார். பல் வைத்தியம் செய்கிறவர்களை முறைப்படுத்த 1939-ல் வங்காளத்தில் சட்டம் வந்ததிலும் அகமதுவின் பங்கு உண்டு. அகில இந்தியச் சட்டம் 1948-ல்தான் வந்தது. 1949-ல் கல்லூரியை மேற்கு வங்க அரசுக்கே கொடுத்துவிட்டார். 1964-ல் பத்மபூஷண், அடுத்த வருடம் காலமானார்.

அவர் கல்லூரி தொடங்கிய காலத்தில் ஜனங்கள் பல் சொத்தையை என்னவென்று நினைத்தார்கள்? நம் ஊரில் 'பூச்சிப் பல்' என்போம். இங்கே வங்காளிகள் 'தாந்தேர் போகா' என்கிறார்கள். அதுவும் பூச்சிதான்! கண்டங்கத்திரி விதையைப் புகைத்துப் பல்லிலிருந்து புழு எடுக்கிற வைத்தியம் நம் பக்கம் இருந்தது. பல்லில் புழு எடுக்கிற நாடோடிப் பெண்கள் வங்காளத்திலும் உண்டு.

புழு கதையைப் பிரான்சின் பியர் ஃபோஷார் 1728-லேயே மறுத்துவிட்டார். சொத்தை எப்படி வருகிறது என்று விளக்கியவர், பெர்லினில் வேலை பார்த்த அமெரிக்கர் வில்லோபி மில்லர். 1890-ல் வந்த அவருடைய புத்தகம் சொல்வது இதுதான்: வாயில் உள்ள கிருமிகள் நாம் தின்னும் சர்க்கரையையும் மாவுப் பண்டத்தையும் அமிலமாக்குகின்றன, அந்த அமிலம் பல்லை அரிக்கிறது. ஆக, பூச்சி தானாக வந்து குடியேறுவதில்லை. நாம் தீனி போடுகிறோம்.

எவ்வளவு தின்கிறோம் என்பதைவிட எப்படித் தின்கிறோம் என்பது முக்கியம். இதைக் காட்டியது ஸ்வீடனில் விபேஹோல்ம் என்ற இடத்தில் 1945-ல் தொடங்கிய பரிசோதனை. மனவளர்ச்சி குன்றியவர்கள் இருந்த விடுதியில், அவர்களுக்கு வேண்டுமென்றே ஒட்டுகிற டாஃபிகளைக் கொடுத்துப் பல்லைக் கெடுத்துப் பார்த்தார்கள். இன்று யாரும் அனுமதிக்க மாட்டார்கள். செய்தது அநியாயம், ஆனால் கிடைத்த பாடம் இன்றும் நிற்கிறது. சாப்பாட்டோடு சேர்த்து உண்ணும் இனிப்பைவிட, நடுநடுவே வாயில் ஒட்டிக்கொள்ளும் இனிப்புதான் பல்லுக்கு எமன்.

காரணம் தெரிந்ததும் அடுத்து வருவது, யார் பொறுப்பு என்ற கேள்வி. இதற்குச் சரித்திரத்தில் இரண்டு விதமான பதில்கள் கிடைக்கின்றன.

ஒன்று, தாயைக் கைகாட்டுவது. 1962-ல் எலியாஸ் ஃபாஸ் என்ற அமெரிக்கப் பல் மருத்துவர், பால் பாட்டிலை வாயில் வைத்தபடியே தூங்கும் குழந்தைகளின் முன்பற்கள் எப்படிக் கெட்டுப்போகின்றன என்று எழுதினார். சொன்னது சரிதான். ஆனால் அந்த நோய்க்குப் பாட்டிலின் பெயரே ஒட்டிக்கொண்டது. பாட்டில் மட்டும் காரணமில்லை என்று 1990-களில் பெயரை மாற்றினார்கள்.

இன்னொன்று, குழந்தை இருக்கும் இடத்துக்கே வைத்தியத்தைக் கொண்டு போவது. முதல் உலகப் போருக்கு ஆள் எடுத்தபோது நியூசிலாந்து இளைஞர்களின் பற்கள் படுமோசம் என்று தெரிந்தது. 1921-ல் அந்த அரசு இளம்பெண்களை இரண்டு வருடம் பயிற்றுவித்து, 'பல் நர்ஸ்' என்று பள்ளிக்கூடங்களுக்கு அனுப்ப ஆரம்பித்தது. அடைப்பது, பிடுங்குவது எல்லாம் பள்ளி வளாகத்திலேயே. பிள்ளைகள் பயந்துபோய் அந்த அறைக்குக் 'கொலைக்கூடம்' என்று பெயர் வைத்தார்களாம்! பயந்தாலும் வைத்தியம் கிடைத்தது. அப்பா அரை நாள் லீவு போட வேண்டியதில்லை, அம்மா காசு எண்ண வேண்டியதில்லை. அந்த முறை பிற்பாடு நம் ஜனங்கள் நிறையப் பேர் இருக்கும் மலாயாவுக்கும் போனது.

நாம் என்ன செய்தோம்? கல்லூரிகள் கட்டினோம். ஒன்றில் ஆரம்பித்து இன்று 300-க்கும் மேல். ஆனால் 2002-03-ல் நாடு முழுவதும் எடுத்த கணக்கெடுப்பில், 5 வயதுக் குழந்தைகளில் பாதிக்கும் சற்று மேற்பட்டவர்களுக்குச் சொத்தை இருந்தது. டாக்டர்கள் பெருகினாலும், டாக்டருக்கும் குழந்தைக்கும் நடுவே இருக்கும் தூரம் குறையவில்லை.

2013-ல் மத்திய அரசு ஆரம்பித்த குழந்தைகள் நலத் திட்டத்தில் அங்கன்வாடிகளிலும் அரசு, அரசு உதவி பெறும் பள்ளிகளிலும் பிள்ளைகளைப் பரிசோதிக்கிறார்கள். அந்தப் பட்டியலில் பல் சொத்தையும் உண்டு. நல்ல காரியம். ஆனால் வெளியூரில் பிழைக்கும் நம்மில் பெரும்பாலோர் பிள்ளைகளைச் சேர்த்திருப்பது தனியார் பள்ளிகளில். அந்தத் திட்டம் அங்கே வராது. நம் வீட்டில் வேலை செய்யும் அம்மாவின் குழந்தையுடைய வாயைப் பார்க்க அரசாங்கத்தில் ஒருவர் இருக்கிறார். நம் குழந்தையின் வாயைப் பார்க்க நம்மைத் தவிர யாரும் கிடையாது.

நமக்கு இன்னொரு சங்கடமும் உண்டு. கூட இருந்து ஊட்டிவிட, வாய் கொப்பளிக்க வைக்கப் பாட்டி இல்லை. இருவரும் வேலைக்குப் போகிற வீட்டில் பிஸ்கட்டும் சாக்லேட்டும்தான் சமாதானத் தூது. போனில் கேட்டால் ஊரிலிருந்து, "பால் பல்தானே, விழுந்து முளைக்கும்" என்று பதில் வரும். முன்பல் ஆறேழு வயதில் விழும், சரி. கடைவாய்ப் பால் பல் 10, 12 வயது வரை இருக்க வேண்டியது. அதுவரை குழந்தை எதால் மென்று தின்னும்? அது சீக்கிரம் போனால் பின்னால் வரும் பல்லும் இடம் தவறி முளைக்கும்.

சொத்தை, வட்டிக்கு வட்டி ஏறுகிற கடன் மாதிரி. ஆரம்பத்தில் ஒரு சின்ன அடைப்போடு தீர்கிற கணக்கு, தள்ளிப்போட்டால் வேர் சிகிச்சை, ராத்தூக்கம், பள்ளிக்கூட லீவு என்று ஏறிக்கொண்டே போகும். நம் மருத்துவக் காப்பீடுகளில் பெரும்பாலானவை சாதாரணப் பல் வைத்தியத்துக்குப் பணம் தருவதுமில்லை.

டாக்டர்கள் சொல்வது எளிமையானதுதான். முதல் பல் முளைத்ததிலிருந்தே துலக்கிவிடுங்கள். 3 வயதுக்குள் ஃப்ளூரைடு பேஸ்ட் ஓர் அரிசி அளவு, அதற்கு மேல் பட்டாணி அளவு. ஏழெட்டு வயது வரை ராத்திரி நீங்களே துலக்கிவிட வேண்டும், பிள்ளையின் கை அதற்குப் பழகியிருக்காது. முதல் பிறந்தநாளுக்குள் ஒருமுறை பல் டாக்டரிடம் காட்டிவிடுங்கள், வலி வரும்வரை காத்திருக்காமல்.

தனியார் கிளினிக் செலவு கட்டுப்படி ஆகாதவர்களுக்கு அகமது விட்டுப் போன ஆஸ்பத்திரி இன்றும் அரசு ஆஸ்பத்திரியாக நடக்கிறது. பல பெரிய ஊர்களில் இப்படி ஓர் அரசுப் பல் மருத்துவக் கல்லூரி இருக்கும், விசாரித்து வையுங்கள். கூட்டம் இருக்கும், காத்திருக்க வேண்டும். வீட்டில் வேலை செய்பவருக்கும் அந்த இடத்தைச் சொல்லுங்கள். போக இடமே தெரியாதவரிடம் "பிள்ளையைக் கவனிக்கவில்லையே" என்று குறை சொல்வதில் நியாயமில்லை. இடம் தெரிந்த நமக்கு அந்தச் சலுகை கிடையாது.