வாவியின் மெல்லொலியும் வால்வுப் பெருக்கியும்: கேட்புச் சாதனங்களின் சரித்திரத்தில் ஒரு கிளை

முன்னுரை

வால்வு என்னும் வெற்றிடக் குழாயின் சரித்திரத்தை எழுதுவோர் பெரும்பாலும் அதனை உரத்த ஒலியின் சரித்திரமாகவே எழுதிச் செல்கின்றனர். திருவிழாக் கம்பத்தில் கட்டிய ஒலிபெருக்கிக் குழலும், சினிமாக் கொட்டகையின் பெருக்கி யந்திரமும், கூடத்து மேசையில் வீற்றிருந்த வானொலிப் பெட்டியும் அவர்கள் காட்டும் சாட்சிகள். அச்சாட்சியம் பொய்யன்று, ஆயினும் முழுமையானதுமன்று. செவிக்கு எட்டாத நுண்ணொலியைக் கேட்கத் தக்கதாக்குவதும், மயிரிழையினும் மெல்லியதோர் ஏட்டை உயர்ந்த மின்னழுத்தத்தால் அசைத்துச் செவியருகே நாதமாக்குவதும் அக்குழாய்க்கு வாய்த்த வேறு இரு தொழில்கள் என்பதையும், உரத்த ஒலிக்கான பணியின் பெரும்பகுதியை ட்ரான்சிஸ்டர் கைப்பற்றிக்கொண்ட பின்னரும், நிலைமின்னியல் ஹெட்போன்களை இயக்கும் பெருக்கிகளில் வால்வு நின்று நிலைத்தமைக்குக் காரணம் பழமைப் பற்று மாத்திரமன்று என்பதையும் காட்டுவதே இக்கட்டுரையின் நோக்கம். மெல்லொலியைக் கேட்பது எவ்வாறு என்னும் வினா நெடுங்காலமாக மக்கள் வழக்கிலும் எழுத்திலும் உயிரோடிருக்கும் மட்டக்களப்பு வாவிப் பிரதேசம் இவ்வாராய்ச்சிக்கு ஏற்ற நிலைக்களமாகும்.

துடுப்பு வழிக் கேள்வி

இலங்கையின் குடியேற்ற நாட்டுச் செயலாளராக இருந்த சேர் ஜேம்ஸ் எமர்சன் டெனன்ற் 1848இல் மட்டக்களப்புக்கு வந்தபோது, இராக்காலத்தில் தோணியேறி வாவியின் இசையைக் கேட்டு, 1859இல் வெளியான தமது இலங்கை பற்றிய நூலில் அதனை விரிவாக வருணித்தார். அவர் கேட்டது நீண்டொலிக்கும் ஒற்றைச் சுரமன்று. ஒன்றோடொன்று கலவாமல் தனித்தனியே தெளிந்து நின்ற எண்ணற்ற சிற்றொலிகளின் கூட்டம். தோணியின் மரத்தில் செவியை வைத்தவுடன் அவ்வொலி பெருகிற்று என்றும், வாவியில் இடம் பெயருந்தோறும் அது கூடியும் குறைந்தும் மறைந்தும் போயிற்று என்றும் அவர் குறித்திருப்பது, பிற்காலத்து ஒலியியலார் கருவிகொண்டு செய்த சோதனைக்கு ஒப்பான கவனிப்பாகும். ஒலிக்குக் காரணம் நீரடியிலுள்ள ஊரிகளே என்று அவ்விடத்து மீனவர் கூற, டெனன்றும் அவ்வபிப்பிராயத்தின் பக்கமே சாய்ந்தார். மீன்பாடும் தேன்நாடு என்னும் வழக்கோ மீனுக்கே அப்புகழை அளித்துவிட்டது.

பௌர்ணமியை அண்டிய இரவுகளில், கல்லடிப் பாலத்தருகே தோணியை நிறுத்தி, துடுப்பின் ஒரு முனையை நீரில் அமிழ்த்தி மறுமுனையைச் செவியில் வைத்துக் கேட்பது இப்பகுதி மக்களின் முறை. நீரில் ஓடும் ஒலி, நீருக்கும் காற்றுக்கும் இடையிலுள்ள எல்லையில் பெரும்பாலும் திருப்பி அனுப்பப்பட்டுவிடுகின்றமையால், காற்றில் நின்று செவிகொடுப்பவன் அதன் மிகச் சிறு பங்கையே பெறுகிறான். மரமோ அவ்வெல்லையைக் கடந்து அதிர்வை நேரே எலும்புக்கும் செவிக்கும் கொண்டுசேர்க்கிறது. பெருக்குதல் என்பது சக்தியைக் கூட்டுவதற்கு முன்னர் இழப்பைத் தவிர்ப்பதே என்னும் சூட்சுமத்தை இத்துடுப்பு விளக்கி நிற்கிறது. காரைதீவில் 1892இல் தோன்றி, மட்டக்களப்புப் புனித மிக்கேல் கல்லூரியில் பயின்று, இலண்டன் பல்கலைக்கழக விஞ்ஞானப் பட்டமும் பெற்ற சுவாமி விபுலாநந்தர், இவ்வொலியை நீரர மகளிரின் பாடலாகக் கற்பித்துக் கவி செய்ததையும், 1947இல் வெளியான யாழ்நூலில் பண்டை இசைக்கருவிகளின் சுரங்களைக் கணித நெறியால் ஆராய்ந்ததையும் சேர்த்து நோக்கினால், நாதத்தை இரசிப்பதும் அளப்பதும் இம்மண்ணில் பகைத்து நின்றவை அல்ல என்பது புலனாகும்.

ஒலிவாங்கியின் உள்ளே வால்வு

இதே காலத்தில் மேலைநாட்டிலே வேறொரு வளர்ச்சி நிகழ்ந்துகொண்டிருந்தது. 1904இல் பிளெமிங் இருமுனை வால்வையும், 1906இல் லீ டி பொறெஸ்ட் மூன்றாம் முனையுடைய ஓடியனையும் ஆக்கினர். அமெரிக்காவில் ஈ. சி. வென்ற் 1916இல் அமைத்த கண்டென்சர் ஒலிவாங்கியில், நிலையானதொரு தட்டின் முன்னே மெல்லிய உலோகத் தகடு இழுத்துக் கட்டப்பட்டு, இரண்டினிடையே மின்னேற்றம் நிறுத்தப்பட்டது. ஒலியால் தகடு அசைய, அவ்வசைவு மின்னழுத்த மாற்றமாயிற்று. ஆனால் அதிலிருந்து பெறத்தக்க மின்னோட்டம் மிக அற்பமாதலின், நீண்ட கம்பி வழியே அதனை அனுப்பினால் கம்பியே அதனை விழுங்கிவிடும். தன் வாயிலில் ஏறத்தாழ மின்னோட்டமே கேளாத வால்வை ஒலிவாங்கியின் பக்கத்திலேயே இருத்தியதுதான் இதற்குக் கண்ட பரிகாரம். நீரினுள் இறக்கும் படிக ஒலிவாங்கிகளுக்கும் இதே நியாயம் பொருந்தும்.

கொழும்பில் எட்வர்ட் ஹாப்பர் முன்னின்று நடத்திய ஒலிபரப்பு 1925 டிசம்பரில் முறையாகத் தொடங்கியது. அதன் பரிசோதனைக் காலத்து அஞ்சல் கருவி, கைப்பற்றப்பட்ட ஜெர்மன் நீர்மூழ்கிக் கப்பலொன்றின் வானொலி உறுப்புகளைக் கொண்டு ஆக்கப்பட்டது என்பது பிரசித்தம். 1949இல் ரேடியோ சிலோன் உருவாயிற்று. வண. லாங் அடிகளார் என்னும் இயேசுசபைத் துறவியின் முயற்சியால் வாவியின் ஒலி பதிவாகி, அந்நிலையத்தின் வழியே நாடெங்கும் கேட்டபோது, துடுப்பு செய்த வேலையை ஒலிவாங்கியும், நாடாவும், அஞ்சல் கருவியும், வீட்டு வானொலியும் பங்கிட்டுக்கொண்டன. வால்வு உரத்து ஒலிப்பதற்காக மாத்திரம் பிறந்ததன்று என்பதற்கு இவ்வூரிலேயே கிடைக்கும் சான்று இது.

நிலைமின்னியல் ஹெட்போன்

கண்டென்சர் ஒலிவாங்கியைத் திருப்பிப் பிடித்தாற்போன்றது நிலைமின்னியல் ஹெட்போன். துளையிட்ட இரு தட்டுகளின் நடுவே, சில மைக்ரோன் கனமே உடைய ஏடு தொங்குகிறது. ஏட்டுக்கு நிலையான மின்னழுத்தமும், தட்டுகளுக்கு ஒன்றுக்கொன்று எதிரான ஒலி மின்னழுத்தமும் கொடுக்க, ஏடு முழுவதும் ஒருங்கே தள்ளவும் இழுக்கவும்படுகிறது. பீற்றர் வோக்கரின் குவாட் நிறுவனம் 1957இல் இத்தத்துவத்தில் அமைந்த ஒலிபெருக்கியை விற்பனைக்குக் கொணர்ந்தது. ஜப்பானிய ஸ்ராக்ஸ் நிறுவனம் 1960இல் எஸ்.ஆர்.-1 என்னும் ஹெட்போனை வெளியிட்டது. அந்நிறுவனம் ஏட்டுக்கு முதலில் 230 வோல்ட்டும், பின்வந்த வகைகளில் 580 வோல்ட்டும் வகுத்தது.

இத்தகைய ஹெட்போனின் கொள்ளளவம் 100 பிக்கோபரட் அளவினது என்று கொண்டால், 20,000 அதிர்வில் அது ஏறத்தாழ 80,000 ஓம் தடையாகத் தோன்றும். 200 வோல்ட்டால் அதனை இயக்க இரண்டரை மில்லியம்பியரே போதும். வேண்டுவது மிகுந்த மின்னழுத்தமும் சொற்ப மின்னோட்டமுமே. சாதாரண ஒலிபெருக்கியின் தேவைக்கு இது நேர்மாறு. இயல்பாகவே 300 வோல்ட்டுக்கு மேல் உழைக்கும் வால்வுக்கு இது தன் வீட்டு வேலை. எனவே வீட்டுப் பெருக்கியின் முடிவில் அழுத்தம் உயர்த்தும் ட்ரான்ஸ்போமர்ப் பெட்டியைப் பூட்டும் முறை ஒருபுறமும், வால்வின் அனோட்டிலிருந்து தட்டுகளை நேரே இயக்கும் முறை மறுபுறமுமாக இரு மரபுகள் வளர்ந்தன. தொலைக்காட்சிப் பெட்டிகளுக்கென ஆக்கப்பட்ட 6எப்.கியூ.7 வால்வை ஸ்ராக்ஸ் தன் பெருக்கிகளின் இறுதிக் கட்டத்தில் அமர்த்திற்று. சென்ஹைசர் 1991இல் வெளியிட்ட ஓர்பியஸ் தொகுதியும் வால்வுப் பெருக்கியையே துணைகொண்டது. தாமே அமைப்போர் போற்றும் புளூ ஹவாய் என்னும் சுற்று, ஈ.எல். 34 வால்வை இப்பணிக்கு அழைத்துக்கொண்டது.

உவர்க்காற்றில் ஒரு புதுப்பிப்பு

1978 நவம்பர்ப் புயலும், நெடிய யுத்தமும், 2004இன் ஆழிப்பேரலையும் கடந்த இக்கரையோரத்தில் பழைய வானொலிப் பெட்டியோ பெருக்கியோ ஒருவர் கைக்குக் கிடைக்குமாயின், அதனை உடனே மின்சாரத்தில் செருகிப் பார்க்கும் ஆசையை அவர் முதலில் அடக்குதல் வேண்டும். உலர்ந்துபோன மின்பகு கண்டென்சரும், ஈரம் உண்ட காகிதக் கண்டென்சரும் விலைமதிப்புள்ள ட்ரான்ஸ்போமரை எரித்துவிட வல்லவை. தொடராக 60 வாட் பல்பொன்றை இணைத்து இயக்கினால், எங்கேனும் குறுக்குச்சுற்று இருப்பின் பல்பு முழு ஒளியோடு எரிந்து அதனை அறிவித்துவிடும். அடுத்து, வால்வுக்கு வால்வு ஒலியைக் கடத்தும் கண்டென்சரைச் சோதித்தல் வேண்டும்: இறுதி வால்வைக் கழற்றிவிட்டு அதன் கிரிட் முனையின் அழுத்தத்தை அளக்கும்போது, இருக்கவேண்டிய அளவுக்கு மேல் ஓரிரு வோல்ட் நேரழுத்தம் காணப்பட்டாலும், கண்டென்சர் கசிகிறது என்று துணிந்து அதனை மாற்றிவிடலாம், அவ்வாறே விட்டுவிட்டால் வால்வு தன் எல்லைக்கு மீறிய மின்னோட்டத்தால் சிவந்து அழியும். பச்சை பூத்த வால்வுத் தாங்கிகளைத் துலக்குதலும், காலத்தால் பெறுமானம் ஏறிய கரித்தடைகளை மாற்றுதலும் பின்னர் வருவன.

ஹெட்போனின் பக்கத்திலே மாரிகாலமே பெரிய பகை. ஏட்டுக்குச் செல்லும் அழுத்தம் சுமார் 50 இலட்சம் ஓம் தடையினூடாகச் செல்கிறது. ஈரத்தால் ஏட்டின் விளிம்பில் அதற்கு நிகரான கசிவு வழி தோன்றினால் அழுத்தம் பாதியாகிவிடும், ஒரு பக்கத்து ஒலி மங்கிப்போகும். ஆதலின் ஈரம் உறிஞ்சும் பொதியோடு காற்றுப் புகாத பேணியில் அதனை வைத்தல் உசிதம். அப்பெருந்தடை வேறொரு காவலும் செய்கிறது: 580 வோல்ட்டிலும் ஏட்டின் வழியே பாயும் மின்னோட்டத்தை அது மில்லியம்பியரில் ஒன்பதில் ஒரு பங்களவில் நிறுத்திவிடுகிறது. செவியில் அணியும் கருவியில் அத்தடையையும், தட்டுகளுக்குச் செல்லும் வழியிலுள்ள காப்புத் தடைகளையும் எக்காரணத்தாலும் நீக்கலாகாது. மின்னிணைப்பைத் துண்டித்த பின்னரும் கண்டென்சர்களின் மின்னேற்றத்தைத் தடையொன்றின் வழியே வடித்துவிட்டே உள்ளே கைவைத்தல் வேண்டும்.

முடிவுரை

மேற்கூறியவற்றால், மின்னேற்றம் பெற்ற மெல்லிய ஏடு ஒலிவாங்கியிலும் ஹெட்போனிலும் ஒரே தத்துவத்தால் தொழிற்படுகிறது என்பதும், முன்னதில் மின்னோட்டம் கேளாமையும் பின்னதில் உயரழுத்தம் தாங்குதலும் வால்வுக்கு இடமளித்தன என்பதும் தெளிவாகும். உயரழுத்த ட்ரான்சிஸ்டர்கள் இன்று இவ்வேலையைத் திறம்படச் செய்கின்றன என்பதை மறுப்பதற்கில்லை. ஆயினும் கைக்கருவிகளோடு ஒருவர் தாமே திறந்து பார்த்து, அளந்து, திருத்தத்தக்க சாதனமாக வால்வுப் பெருக்கி நிற்பதால், கல்விக்கு அதன் பயன் இன்னும் தீர்ந்துவிடவில்லை. மட்டக்களப்பின் பாடசாலைகளும் தொழில்நுட்பக் கல்லூரிகளும், வீடுகளில் எஞ்சிக் கிடக்கும் வானொலிப் பெட்டிகளையும் வால்வுகளையும் ட்ரான்ஸ்போமர்களையும் பழைய இரும்பு வியாபாரியிடம் போகவிடாமல் சேகரித்து, அவற்றைக் கொண்டு மாணவரைப் பெருக்கி அமைக்கவும், வாவியின் ஒலியைப் பதிவுசெய்து கேட்கவும் பயிற்றுவித்தல் வேண்டும்.